சூடான கடலுணவு டிப்: நண்டா, இறாலா, கணவாயா?

கனடாவில் இருந்து மச்சாள் குடும்பம் வந்து நின்றபோது, அவர்களுடைய மகளின் பிறந்தநாளை யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே வைப்பது என்று முடிவானது. ஆட்கள் 25 பேர். ரோல்ஸ், பற்றீஸ், கட்லட் எல்லாம் கடையில் சொல்லி எடுப்போம், ஒன்றே ஒன்றை மட்டும் வீட்டில் செய்து தா என்று மச்சாள் கேட்டது ரொறன்ரோவில் நத்தாருக்கு அவர்கள் செய்கிற சூடான நண்டு டிப். அங்கே ரின்னில் வருகிற நண்டுச் சதையில் செய்கிறார்களாம், இங்கே பாசையூர் நண்டில் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க அவருக்கு ஆசை. எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. கொண்டாட்டத்துக்கு முந்தைய மூன்று சனிக்கிழமையும் விதம் விதமாகச் செய்து பார்த்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் வந்தால் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று யோசிக்க உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டிப் என்றால் தொட்டுச் சாப்பிடுகிற கெட்டிக் கலவை, அவ்வளவுதான். சதையையும் சீஸையும் கலந்து அகலமான பாத்திரத்தில் பரப்பி, மேற்பக்கம் பொன்னிறமாகும் வரை ஓவனில் வைத்து எடுத்து, சூட்டோடு நடுவில் வைத்துவிட வேண்டும். எல்லோரும் சுற்றி நின்று பாணிலோ பிஸ்கற்றிலோ அள்ளிச் சாப்பிடுவார்கள். அமெரிக்காவில் மேரிலாந்துப் பக்கம் இதற்குப் பெயர் பெற்றது, அங்கே செசபீக் விரிகுடாவில் நீல நண்டு பிடிபடுகிறது. அந்த நண்டும் நம்முடைய கடல்நீரேரியில் வலையில் வருகிற நீல நண்டும் வேறு வேறு இனம் என்றாலும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் கடைசிக் காலிணை துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கும், இரண்டும் நீந்தும். ஆகவே நம்முடைய நண்டு இந்தச் சாப்பாட்டுக்கு ஒரு மாற்றுச் சரக்கு என்று நினைக்காதீர்கள், சொந்தக்கார நண்டுதான்.

எதைத் தெரிவு செய்தாலும் ஒரு விஷயத்தை முதலே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒடியற் கூழை நினைத்துப் பாருங்கள். ஒரு பானையில் நண்டும் இறாலும் கணவாயும் மீனும் கொதிக்கும், காயவைத்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா அதைக் கெட்டியாக்கும், ஆனால் பனையோலைப் பிளாவை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகும்போது மூக்கில் ஏறுவது கடல் வாசம். மா பின்னால் நிற்கிறது. டிப்பில் சீஸும் அப்படித்தான் பின்னால் நிற்க வேண்டும். நான் முதல் சனிக்கிழமை செய்ததில் சீஸ் மட்டும்தான் தெரிந்தது. நல்ல விலை கொடுத்து வாங்கிய நண்டு அதற்குள் எங்கே போனது என்றே தெரியவில்லை, மனம் நொந்துபோனேன். அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்: இதைச் சாப்பிடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு இது நண்டு, இது இறால் என்று சொல்வாரா?

நண்டிலிருந்து தொடங்குகிறேன். சுவையில் இதற்கு மேலே எதுவும் இல்லை. இனிப்பான சதை, இழை இழையாகப் பிரிந்து கலவைக்குள் பரவும், பாணில் அள்ளினால் ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் வரும். ஆனால் வேலை. 2 கிலோ நண்டு வாங்கி அவித்து உடைத்து எடுத்ததில் அரைக் கிலோ சதைதான் தேறியது. அம்மா, நான், தங்கச்சி மூன்று பேரும் விறாந்தையில் இருந்து இரண்டு மணி நேரம் எடுத்தோம். பெரிய நண்டில் உடற் சதை சுலபமாக வரும். சின்ன நண்டில் கால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு இருக்க வேண்டும். அப்புறம் கோதுத் துண்டு. எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் ஒன்றிரண்டு தப்பி வந்துவிடும், சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிற இடத்தில் இதை லேசாக எடுக்க முடியாது. எடுத்த சதையைக் கறுப்புத் தட்டில் பரப்பி விரலால் தடவிப் பார்த்தால் வெள்ளைக் கோது கண்ணில் படும், கைக்கும் தட்டுப்படும்.

நிலவு காலத்தில் நண்டுக்குச் சதை இராது என்று அம்மா விடாமல் சொல்வார், நம் ஊரில் பலரும் சொல்வதுதான். நான் நிலவைப் பார்ப்பதை விடக் கையில் தூக்கிப் பார்ப்பதை நம்புகிறேன். ஒரே அளவில் இரண்டு நண்டை எடுத்தால் பாரமாக இருப்பதை வாங்குங்கள். அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் அது அண்மையில்தான் கோது கழற்றியிருக்கிறது, உள்ளே தண்ணீர்தான் கூட.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. சந்தையில் கிலோ விலையைக் கேட்டு நண்டு மலிவு, இறால் விலை என்று முடிவெடுக்காதீர்கள். நண்டில் கால்வாசிதான் சதை. தலையோடு வாங்குகிற இறாலில் ஏறத்தாழப் பாதி சதை. அப்படியென்றால் இரண்டும் ஒரே விலைக்கு விற்கிற நாளில் நண்டுச் சதை இறாற் சதையைப் போல இரண்டு மடங்கு விலை. 25 பேருக்கு வைக்கிற ஒரு பாத்திரத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

இறாலை இரண்டாவது சனிக்கிழமை செய்தேன். சந்தையில் 1 கிலோ, நடுத்தர அளவு, உரித்துக் குடல் எடுக்க முக்கால் மணி நேரம், அதுவும் ஒருவரே செய்தது. இறாலில் இரண்டு பிழை விடலாம், இரண்டையும் நான் விட்டேன். பச்சை இறாலை அப்படியே கலவையில் போட்டு ஓவனில் வைத்தால் அது தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் இளக்கிவிடும். முழுதாக வேகவைத்துப் போட்டால் ஓவனில் இன்னொரு தரம் வெந்து ரப்பராகிவிடும். சரியான வழி இதுதான்: மூன்று நான்கு துண்டாக வெட்டி, சூடான தாச்சியில் கொஞ்சம் பட்டரில் ஒன்றரை நிமிடம் பிரட்டி, வெளிப்பக்கம் சிவக்கத் தொடங்கும்போதே இறக்கி வடியவிட வேண்டும். மிச்சத்தை ஓவன் பார்த்துக்கொள்ளும்.

இறாலுக்கு இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது, அதுதான் கடைசியில் என்னை அதன் பக்கம் சாய்த்தது. தலையையும் கோதையும் எறியாதீர்கள். கழுவி, பட்டரில் போட்டு அகப்பையால் நசுக்கி நசுக்கி வறுத்தால் பட்டர் செம்மஞ்சளாக மாறும். உயிரோடு இருக்கும்போது இறாலில் இந்தச் சிவப்பு ஒரு புரதத்தோடு ஒட்டி மறைந்திருக்கிறது, சூடு பட்டதும் அது விடுபட்டுக் கொழுப்பில் கரைந்து வருகிறது. அதில் ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாகப் பிழிந்து வடித்தால் கிடைப்பது கடலே சாறாக வந்தது போல. டிப்பின் பாலில் ஒரு பங்குக்குப் பதிலாக இந்தச் சாறு. சீஸ் தானாகவே பின்னால் போய்விட்டது. முதல் வாயிலேயே அம்மா கூழ் வாசம் வருகிறது என்றார். அன்று எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சமல்ல.

கணவாய் வேண்டாம். ஓட்டுக் கணவாயும் ஊசிக் கணவாயும் ஒன்றில் இரண்டு நிமிடத்தில் வெந்துவிட வேண்டும், இல்லையென்றால் முக்கால் மணி நேரம் கிடந்து பஞ்சாக வேண்டும். ஓவனில் நிற்கிற 20 நிமிடம் இரண்டுக்கும் நடுவில் விழுகிறது, கணவாய் மிக இறுகுகிற நேரம் அது. முதலே நன்றாக அவித்துச் சின்னதாக அரிந்து போடலாம், ஆனால் அவ்வளவு நேரம் செலவழிக்கிறதென்றால் கறியாகக் காய்ச்சிப் பாணோடு வைப்பது மேல். சிங்க இறாலையும் சீஸுக்குள் போட்டு மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

ரின் மீன் அவசரத்துக்கு. சூரை ரின்னை வடித்து, எண்ணெய் தண்ணீர் இல்லாமல் பிழிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் மிளகும் தேசிக்காய்ப் புளியும் கூடப் போட்டால் நன்றாகவே இருக்கும். மாலை ஐந்து மணிக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று மூன்று மணிக்குத் தெரிந்தால் நான் இதைத்தான் செய்வேன். பெரிய கடைகளின் உறைபெட்டியில் கிராப் ஸ்டிக் என்று சிவப்பு வெள்ளையாக விற்பதை நண்டென்று நினைத்து வாங்காதீர்கள், அது அரைத்த மீனில் செய்து நண்டு மாதிரி வாசம் ஊட்டியது.

சரி, சதை தெரிவாகிவிட்டது, எதில் கலப்பது? மேரிலாந்து முறையில் கிறீம் சீஸும் மயோனைஸும். யாழ்ப்பாணத்தில் கிறீம் சீஸ் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிற நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு, கிடைக்கும்போது விலை கூட. செய்முறை சுலபம், எதையும் காய்ச்சத் தேவையில்லை, பிரியாது, அள்ள நன்றாக நிற்கும். ஆனால் புளிப்பும் கொழுப்பும் கூட, நண்டின் இனிப்பை அமுக்கிவிடுகிறது. என் முதற் பாத்திரம் பிழையாகிப் போனது இதனால்தான். கிறீம் சீஸ்தான் வேண்டும் என்றால் சதைக்குப் பாதி நிறைக்கு மேலே போடாதீர்கள்.

நான் போவது வெள்ளைச் சோஸுக்கு. பட்டரில் கோதுமை மாவை நிறம் மாறாமல் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி இல்லாமல் கிண்டுவது. 50 கிராம் பட்டர், குவித்த 4 மேசைக்கரண்டி மா, பாலும் இறால் சாறும் சேர்த்து 400 மில்லிலீற்றர். பால்மாவைக் கரைத்தும் செய்யலாம், வித்தியாசம் பெரிதாக இல்லை. இதற்குள் 100 கிராம் சீஸ் போதும். கட்டிச் சீஸைத் துருவிப் போட்டால் வாசம் கூட, முக்கோணத் துண்டாக வருகிற பதப்படுத்திய சீஸைப் போட்டால் கலவை வழுவழுப்பாக வரும், அதில் எண்ணெய் பிரியாமல் பிடித்து வைக்கிற உப்புகள் சேர்ந்திருக்கின்றன. நான் இரண்டையும் பாதி பாதி போடுகிறேன். அடுப்பை அணைத்த பிறகுதான் சீஸ் போட வேண்டும், கொதிக்கக் கொதிக்கப் போட்டால் நூல் நூலாகத் திரளும்.

தயிரைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். கட்டித் தயிரைத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டால் கிறீம் சீஸ் மாதிரி வரும், உண்மைதான், குளிராக வைக்கிற டிப்புக்கு அது அருமை. சூட்டில் திரைந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி சோள மா கலந்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனாலும் மேலே தண்ணீர் மினுங்கும். தேங்காய்ப் பால் ஆசையும் எனக்கு இருந்தது. முதற்பாலைச் சோள மாவோடு கெட்டியாக்கிச் செய்தேன், சுவை நன்றாக இருந்தது, ஆனால் அது சொதிக்கும் கறிக்கும் நடுவில் நின்ற வேறொரு சாப்பாடு. மச்சாள் கேட்டது அதில்லை. பால் சாப்பிட முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் அந்த வழியில் போகலாம்.

உறைப்பு எவ்வளவு? மேரிலாந்தில் போடுகிற தூளுக்கு ஓல்ட் பே என்று பெயர். ஹிட்லரின் ஜெர்மனியில் இருந்து தப்பி பால்டிமோருக்கு வந்து சேர்ந்த குஸ்தாவ் புருன் என்ற சரக்கு வியாபாரி 1939 இல் அங்கே நண்டுக்கென்று சேர்த்த கலவை அது. ஊரைவிட்டு ஓடி வந்தவர் தன் கைத்தொழிலை வைத்து அந்த ஊர் நண்டுக்கே ஒரு வாசத்தைக் கொடுத்திருக்கிறார், கனடாவில் கடை போட்ட நம் ஆட்களை நினைத்தேன். அந்தத் தூளை இங்கே தேடி அலைய வேண்டாம். மிளகு, அரைக் கரண்டி கடுகுத் தூள், இடித்த செத்தல் மிளகாய், நுனிக் கரண்டியில் பெருஞ்சீரகத் தூள். நம் வீட்டுக் கறித்தூள் போடலாமா என்றால் ஒரு தேக்கரண்டி மட்டும், அதையும் பட்டரில் ஒரு தரம் பிரட்டிவிட்டு. அதற்கு மேலே போனால் கறி வாசம் வந்து கடல் வாசம் போய்விடும். நண்டுக் கறிக்கு முருங்கையிலை போடுகிற பழக்கத்தில் இதிலும் போட்டுப் பார்த்தேன். மேலே தூவினால் காய்ந்து கைக்கிறது, உள்ளே கலந்தால் நன்றாக இருக்கிறது, ஒரு சின்னப் பிடி போதும். உப்பைச் சீஸ் போட்ட பிறகு பார்த்துப் போடுங்கள்.

அடுத்தது சூடு. ஓவன் இருக்கிற வீடு என்றால் 180 பாகையில் 20 நிமிடம், ஓரத்தில் கொப்பளித்து மேலே நிறம் வந்தால் முடிந்தது. என் பயம் கரண்ட். ஆட்கள் வந்து இருக்கிற நேரத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது? முன்பெல்லாம் பேக்கரிக்குக் கேக் தட்டம் கொண்டுபோய்ப் போறணையில் வைத்து எடுப்போம். பாணும் போறணையும் போர்த்துக்கீச வாயில் இருந்து நமக்கு வந்த சொற்கள், சாமான் கூடவே வந்திருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் உள்ள பேக்கரியில் கேட்டேன், பாண் எடுத்த பிறகு இருக்கிற சூட்டில் வைக்கலாம் என்றார்கள். விறகுப் போறணையில் மேற்பக்கம் வருகிற நிறத்தை எந்த ஓவனும் தராது. ஆனால் அவர்களுடைய நேரத்துக்கு நாம் போக வேண்டும், கொதிக்கிற பாத்திரத்தை ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். டிப் சூடாக இருக்கிற நேரம் அரை மணிதான், அதில் பாதி வழியிலேயே போய்விடும்.

மூன்றாவது வழி அம்மாவுடையது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாமல் இருந்த காலத்தில் அம்மா பிறந்தநாள் கேக்கை எப்படிச் செய்தார் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெரிய அலுமினியப் பானையில் மணல் பரப்பி, அதன் மேல் கேக் தட்டத்தை வைத்து மூடி, கீழே மெல்லிய நெருப்பு, மூடியின் மேல் சிரட்டைத் தணல். மூன்றாவது சனிக்கிழமை டிப்பை அப்படி வைத்தோம். 25 நிமிடம். மேலே தணல் இருந்ததால் டிப்பின் மேல் தூவிய ரஸ்க் தூள் ஓரம் முழுக்கச் சிவந்து, லேசான சிரட்டைப் புகை வாசத்தோடு வந்தது. ஓவன் இருந்தும் நான் இதைத்தான் தெரிவு செய்தேன். வாசம் மட்டும் காரணமில்லை, கரண்டை நம்பி இருக்கத் தேவையில்லை, பானையை முற்றத்திலேயே வைக்கலாம், ஒரு பாத்திரம் முடியும்போது அடுத்தது தயாராக இருக்கும். ஆனால் தணலைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். இதற்கு ஆளில்லாத வீட்டில் ஓவன்தான் சரி.

தொட்டுக்கொள்ள என்ன வைப்பது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். ரோஸ்ட் பாணை விரலளவு நீளமாக வெட்டி ஓவனிலோ தாச்சியிலோ மொறுமொறுப்பாக வாட்டினால் அதற்கு மிஞ்சியது இல்லை. கிறீம் கிறாக்கர் நல்லது, எளிது. மரவள்ளிக்கிழங்குப் பொரியல் மெல்லியதாக இருந்தால் கெட்டிக் கலவையில் முறியும், கொஞ்சம் தடிப்பாகச் சீவச் சொல்லுங்கள். முறுக்குக்குத் தன் வாசம் கூட, பப்படம் நொறுங்கிப் பாத்திரத்துக்குள் விழும். வெள்ளரிக்காய்த் துண்டும் கரட்டும் ஒரு தட்டில் வையுங்கள், பெரியவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

இனிப் பாதுகாப்பு, இதில் விளையாடக் கூடாது. பாலும் கடலுணவும் சேர்ந்த சாப்பாட்டை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேலே வைக்கக் கூடாது, வெயில் 32 பாகையைத் தாண்டுகிற நாளில் ஒரு மணி நேரம்தான். யாழ்ப்பாணத்தில் சித்திரை வைகாசிப் பகலில் அது சாதாரண வெயில். ஆகவே ஒரு பெரிய பாத்திரம் வேண்டாம். மூன்று சின்னப் பாத்திரமாகப் பிரித்து, இரண்டைக் குளிரூட்டியில் வைத்து, ஒன்று முடிய ஒன்றாகச் சூடாக்கி வையுங்கள். குளிரூட்டியில் இருந்து வருவதற்கு 10 நிமிடம் கூட எடுக்கும், நடுப்பகுதி ஆவி பறக்கச் சூடாக வேண்டும். வருகிறவர்களில் யாருக்காவது நண்டு ஒத்துக்கொள்ளாது என்றால் இறாலும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு நிறைய, இரண்டிலும் ஒவ்வாமை தருகிற புரதம் ஒன்றே போன்றது. அவர்களுக்கு ரின் மீன் டிப்பைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு, வேறு மேசையில் வையுங்கள். இதை அழைக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

நாளையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை என்றால் நம்மில் பாதிப் பேர் மச்சம் தொட மாட்டார்கள். ஞாயிறு கொண்டாட்டம் என்றால் சனி காலையிலேயே சந்தைக்குப் போய்விடுங்கள், கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் பலர் ஞாயிற்றில் தொழிலுக்குப் போவதில்லை. சனி மத்தியானம் சாறு எடுத்து, சோஸ் காய்ச்சி, கலந்து, ஆறவிட்டுக் குளிரூட்டியில் வைத்தால் ஞாயிறு மாலை சூடாக்குகிற வேலை மட்டும்தான்.

கடைசியில் நாங்கள் செய்தது இது. மூன்று பாத்திரத்தில் இரண்டு இறால் டிப், இறால் சாறு விட்ட வெள்ளைச் சோஸில். மூன்றாவது பாத்திரம் நண்டு, அதே சோஸில், அரைக் கிலோ நண்டுச் சதை முழுவதும் அதற்குள், சீஸ் பாதிதான். நண்டை மாமியும் மச்சாளும் கூட வந்து இருந்து உடைத்தார்கள், ஐந்து பேர் கை வைத்ததால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அப்படிக் கைகள் கிடைக்கிற வீட்டில், பத்துப் பேருக்கு உட்பட்ட விருந்தில், நண்டை விட்டு வேறெதையும் செய்யாதீர்கள். நீங்கள் தனியாக நின்று 20 பேருக்கு மேலே சமைக்கிறீர்கள் என்றால் இறால்தான், அந்தச் சாறை மட்டும் விடாமல். மச்சாள் நண்டுப் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைப் பாணால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ரொறன்ரோவில் இனி ரின் நண்டு வாங்க மாட்டேன், உறைய வைத்த இறாலைத் தலையோடு தேடி வாங்கி இந்தச் சாறு எடுக்கப் போகிறேன் என்றார்.

மூன்றாவது பாத்திரத்துக்கு ஆள் வராமல் மிஞ்சினால் மேசையில் விட்டுவைக்காமல் உடனே குளிரூட்டியில் வையுங்கள். அடுத்த நாள் அது கெட்டியாக இறுகி இருக்கும், அவித்த உருளைக்கிழங்கு ஒன்றை மசித்துச் சேர்த்து ரோல்ஸுக்கு உள்ளே வைத்துப் பொரிக்கலாம்.